ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் தட்டும் ஆய்வாளர்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சாக்ரமென்டோ போன்ற ஊர்களில், சாதாரணக் குடியிருப்புத் தெருக்களில் உள்ள வீடுகள் சில முதியோர் இல்லங்களாக இயங்குகின்றன. வெளியே பெயர்ப்பலகை பெரும்பாலும் இருக்காது. வாசற்படியை ஒட்டிச் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் தெரிந்தால் உண்டு. உள்ளே ஆறு முதியவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அங்கே பேச்சுவழக்கில் இவற்றை 'போர்டு அண்ட் கேர்' என்பார்கள். மாநிலச் சட்டம் இவற்றை முதியோருக்கான உறைவிடப் பராமரிப்பு இல்லங்கள் என்று வகைப்படுத்துகிறது. மாநிலத்தில் உரிமம் பெற்றவை ஏழாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பான்மை ஆறு பேர் வரை மட்டுமே தங்கக்கூடியவை.

ஆறு பேர் என்ற வரம்புக்குக் காரணம் இருக்கிறது. ஆறு பேர் வரை உள்ள இல்லத்தை ஒரு குடும்பம் வாழும் வீட்டைப்போலவே நகராட்சிகள் நடத்த வேண்டும், தனி மண்டல அனுமதி கேட்கக் கூடாது என்கிறது மாநிலச் சட்டம். நல்ல நோக்கம்தான். வயதானவர்கள் ஊருக்கு வெளியே ஒரு பெருங்கட்டடத்தில் அடைபடாமல், பக்கத்து வீட்டுக் குழந்தைகளின் சத்தம் கேட்கும் தெருவில் வாழ முடிகிறது. ஆனால் தெருவோடு தெருவாகக் கலந்துவிட்ட வீட்டுக்குள் நடப்பது தெருவுக்குத் தெரியாது. பெரிய இல்லங்களில் வரவேற்பாளர், செவிலியர், சமையற்காரர், வந்துபோகும் உறவினர் என்று பல கண்கள் உண்டு. சிறு வீட்டில் அந்தக் கண்கள் இல்லை. முன்னறிவிப்பின்றி வந்து கதவைத் தட்டும் அரசு ஆய்வாளர் ஒருவர்தான், வந்தே தீர வேண்டும் என்று சட்டத்தால் கட்டாயப்படுத்தக்கூடிய ஒரே வெளியாள். கலிஃபோர்னியா அந்த வருகையை ஏறத்தாழ 15 ஆண்டுகள் கைவிட்டு வைத்திருந்தது. கைவிட்டபோது என்ன ஆயிற்று, மீண்டும் தொடங்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை முதியோர் நலனில் அக்கறை உள்ள எவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாடு. அமெரிக்காவில் 'நர்சிங் ஹோம்' எனப்படும் மருத்துவப் பராமரிப்பு இல்லங்கள் மத்திய அரசின் விதிகளுக்கு உட்பட்டவை. 1987-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் நர்சிங் ஹோம் ஒவ்வொன்றையும் 15 மாதங்களுக்குள் ஒருமுறையாவது சோதித்தாக வேண்டும். ஆறு படுக்கை வீடுகளுக்கு அப்படி மத்திய விதி எதுவும் இல்லை. மாநிலம் வைத்ததே சட்டம். கலிஃபோர்னியாவில் 1985-இல் இயற்றப்பட்ட சட்டமும் அதன் கீழ் வந்த விதித்தொகுப்பும்தான் இவற்றை ஆள்கின்றன. சோதிக்கும் பொறுப்பு மாநிலச் சமூக சேவைகள் துறையின் உரிமப் பிரிவுக்கு.

அந்த ஆய்வாளர் வந்து என்னதான் பார்க்கிறார்? குளியலறையிலிருந்து தொடங்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து, சூடு ஏறும்வரை ஓடவிட்டு, தெர்மாமீட்டரை நீட்டுகிறார். 105 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது ஏறத்தாழ 40.5 முதல் 49 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். வயதானவரின் தோல் இன்னும் மெல்லியது. நீரிழிவால் கால் உணர்விழந்தவருக்குச் சுடுவதே தெரியாது. பக்கவாதம் வந்தவருக்குத் தெரிந்தாலும் காலை இழுத்துக்கொள்ள முடியாது. மறதி நோய் உள்ளவர் எந்தக் குழாயைத் திருப்பினோம் என்பதை மறந்து நிற்பார். சாதாரண வீட்டில் ஒரே வாட்டர் ஹீட்டர்தான் சமையலறைக்கும் குளியலறைக்கும். பாத்திரத்தில் பிசுக்குப் போகவில்லை என்று யாரோ ஒருநாள் திருகைக் கூட்டி வைத்தால், அதன் விலையை இன்னொருவர் குளியலறையில் கொடுக்க நேரும். கீழ்வரம்பும் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட இல்லையென்றால் குளிப்பாட்டுவது தள்ளிப்போகும், உடல் நாறும், புண் வரும். ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டு இத்தனையையும் அறிந்துவிட முடிகிறது.

பிறகு குளிர்சாதனப் பெட்டி. கெட்டுப்போகக்கூடிய உணவு இரண்டு நாளுக்கும், கெடாத உணவு ஏழு நாளுக்கும் கையிருப்பில் இருக்க வேண்டும். கழிப்பறையில் பிடிமானக் கம்பி ஆடாமல் இருக்கிறதா, குளிக்கும் இடத்தில் வழுக்காத விரிப்பு இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, மறதி நோயாளிகள் உள்ள வீட்டில் கத்தியும் துப்புரவு இரசாயனங்களும் பூட்டி வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பார். ஒரு படுக்கையறையில் இருவருக்கு மேல் கூடாது. வேலை செய்பவர்கள் மட்டுமின்றி, அந்த வீட்டில் வசிக்கும் உரிமையாளரின் வளர்ந்த மகன்கூடக் கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையில் தேறியிருக்க வேண்டும்.

மருந்து அலமாரிக்கு வந்தால் வேலை மெதுவாகும். இங்கே மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் செவிலியர் அல்லர். முதியவர் தானே மருந்து எடுத்துக்கொள்வதற்கு உதவுகிறவர் என்பதுதான் சட்டத்தின் பார்வையில் அவருடைய நிலை. இன்சுலின் ஊசியை அவர் போடக் கூடாது. முதியவரே போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது உரிமம் பெற்ற செவிலியர் வர வேண்டும். ஆகவே ஆய்வாளர் மருந்துப் புட்டியின் சீட்டையும், மருத்துவரின் உத்தரவையும், இல்லத்தின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறார். பதிவேட்டின்படி பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு இருந்தால், யாரோ சில வேளைகள் மருந்தில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது தீ அனுமதி. தீயணைப்புத் துறை ஒரு வீட்டுக்கு அனுமதி தரும்போது, அதில் தங்குவோரை மூன்றாகப் பிரித்துக் கணக்கிடுகிறது: ஆபத்து வேளையில் பிறர் உதவியின்றித் தானே வெளியேறக்கூடியவர், உதவியின்றி வெளியேற முடியாதவர், படுக்கையில் தானாகப் புரண்டு படுக்கவும் முடியாதவர். வாக்கரையோ சக்கர நாற்காலியையோ நம்பியிருப்பவர் இரண்டாம் வகை. நன்றாக நடந்தாலும், "வெளியே வாருங்கள்" என்று சொன்னால் விளங்கிக்கொள்ள முடியாத மறதி நோயாளியும் அதே வகைதான். எந்த வகையினர் எத்தனை பேர், எந்த அறையில் இருக்கலாம் என்பது அனுமதியோடு கட்டப்பட்டது. இங்கேதான் சிக்கல். காகிதம் மாறாது, உடம்பு மாறும். சேரும்போது கைத்தடியோடு நடந்து வந்த ஒருவர் எட்டு மாதத்தில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார். இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் படுக்கையோடு ஆகிவிடுகிறார். பின்கதவில்லாத மூலை அறையிலேயே தொடர்ந்து படுத்திருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. அறை மாற்றினால் குழம்பிப்போவார் என்று அன்பினால்கூட விட்டிருப்பார்கள். இராத்திரி சமையலறையில் தீப்பிடித்தால் அந்த அன்பு உதவாது.

இராத்திரியைப் பற்றியும் விதி சொல்கிறது. 15 பேர் வரை உள்ள இல்லத்தில், இரவில் தகுதியுள்ள ஒருவர் வளாகத்திலேயே, கூப்பிட்டால் வரும் நிலையில் இருந்தால் போதும். விழித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. இரவுக் கண்காணிப்பு தேவைப்படும் மறதி நோயாளி இருந்தால்தான் விழித்திருக்கும் ஆள் வேண்டும். தானாக எழ முடியாத நான்கு பேர், தூங்கிக்கொண்டிருக்கும் ஒரே பராமரிப்பாளர், தீ அனுமதிக்குப் பொருந்தாத அறை. இந்த மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒருவர் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

2003-இல் கலிஃபோர்னியா கடுமையான நிதிப் பற்றாக்குறையில் இருந்தது. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து, ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமான ஆய்வும் வெட்டப்பட்டது. ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் உள்ளவை போன்ற சில இல்லங்களுக்கு மட்டும் ஆண்டு ஆய்வு நீடித்தது. மற்றவற்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தேர்ந்து சோதிப்பது, எந்த இல்லமும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கப்படுவது என்று ஏற்பாடு. புகார் வந்தால் எப்படியும் போவோமே என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம்.

இந்த ஏற்பாட்டை அங்கே தங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு விபரீதமாகிறது. அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களில் முதியவர் ஒருவர் தங்கும் காலத்தின் இடைநிலை அளவு சுமார் 22 மாதங்கள். அதற்குள் நர்சிங் ஹோமுக்கோ மருத்துவமனைக்கோ போய்விடுகிறார், அல்லது இறந்துவிடுகிறார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வு என்றால், இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே ஒரு படுக்கையில் இரண்டு மூன்று பேர் வாழ்ந்து முடித்திருப்பார்கள். வழக்கமான ஆய்வுக்கு வந்த ஆய்வாளர் ஒருவரைக்கூடக் காணாமலே அவர்களுடைய கடைசிக் காலம் கழிந்திருக்கும். கட்டடத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பார்ப்பது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அந்த மனிதர்களை யாரும் பார்க்கவில்லை.

புகார் வரும் என்ற நம்பிக்கையும் பொய்யானது. புகார் செய்ய நினைவு வேண்டும், தொலைபேசி வேண்டும், துணிவு வேண்டும். மறதி நோயாளிக்கு முதலாவது இல்லை. ஆறு பேர் வாழும் வீட்டில், புகார் செய்தவர் பெயரை அரசு எவ்வளவு கவனமாக மறைத்தாலும் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். பேசக்கூடியவர் அந்த வீட்டில் ஒருவரோ இருவரோதான். நாளைக் காலை தன்னைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லப் போகிறவர் மேல் இன்றைக்குப் புகார் எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? பிள்ளைகளும் தயங்குகிறார்கள். மாதம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டித் தேடிப்பிடித்த இடம். இதை விட்டால் வேறெங்கே என்ற கவலை. பராமரிப்பாளர்களோ, பலர் பிலிப்பைன்ஸிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். சிலர் அதே வீட்டில் தங்கி வேலை செய்கிறார்கள். வாய் திறந்தால் வேலையோடு தங்குமிடமும் போகும். வழக்கமான ஆய்வின் பெரும்பலன் இதுதான்: யாரும் கூப்பிடாமலே அது வருகிறது; ஆகவே யார் மேலும் பழி விழுவதில்லை.

ஆம்பட்ஸ்மன் என்றொரு ஏற்பாடும் உண்டு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் இல்லங்களுக்குச் சொல்லாமல் சென்று, முதியவர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் குறைகளை எடுத்துச் செல்வார்கள். அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. ஆனால் கேட்கும் காது அது. 2008-இல் கலிஃபோர்னியா அந்தத் திட்டத்துக்கான மாநில நிதியிலிருந்து 38 லட்சம் டாலரை வெட்டியது. அரசின் கண்ணும் காதும் ஒரே காலத்தில் மங்கின.

2013 அக்டோபரில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே காஸ்ட்ரோ வேலியில் நடந்தது மாநிலத்தைத் தலைகுனிய வைத்தது. தொடர்ந்து விதிமீறல்கள் இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் உரிமத்தை அரசு நிறுத்தி, மூடச் சொல்லிவிட்டுப் போனது. சம்பளம் இல்லையென்று ஊழியர்களில் பெரும்பாலோரும் போய்விட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் உள்ளே இருந்தார்கள். சமையற்காரர் ஒருவரும் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் மட்டும் கூலியில்லாமல் தங்கி, சமைத்து, மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, வார இறுதி முழுவதும் அவர்களைக் காத்தார்கள். கடைசியில் ஷெரிஃபின் ஆட்களும் தீயணைப்பு வீரர்களும் வந்து முதியவர்களை வெளியேற்றினார்கள். இது சிறு வீடு அன்று, சற்றுப் பெரிய இல்லம். ஆனாலும் பாடம் எல்லாருக்கும் பொது. ஆய்வு என்பது குற்றத்தை எழுதிவிட்டு வருவதோடு முடிவதில்லை. மூடுகிற அரசுக்கு, உள்ளே இருப்பவர்களை எங்கே சேர்ப்பது என்ற பொறுப்பும் இருக்கிறது. அன்று அந்தப் பொறுப்பை ஒரு சமையற்காரரின் மனசாட்சிதான் சுமந்தது.

அதே ஆண்டு நாளிதழ்களும் தொலைக்காட்சியும் இத்தகைய இல்லங்களைத் தொடர்ந்து தோண்டின. அப்போது வெளிவந்த ஒரு செய்தி என்னை இன்றும் உலுக்குகிறது: இல்லத்தின் கவனக்குறைவால் ஒரு முதியவர் இறந்தாலும் அரசு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 150 டாலராக இருந்தது. 2014-இல் ஒரு தொகுதியாகச் சட்டங்கள் வந்தன. உயிரிழப்புக்கு 15,000 டாலர், கடுமையான உடற்காயத்துக்கு 10,000 டாலர் வரை அபராதம் உயர்ந்தது. முதியவர்களைக் கைவிட்டுப்போகும் உரிமையாளர் உரிமத்தை இழப்பார் என்றாயிற்று. முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவராவது எந்நேரமும் வீட்டில் இருக்க வேண்டும், நிர்வாகிக்கு 80 மணி நேரத் தொடக்கப் பயிற்சி வேண்டும், பொறுப்புக் காப்பீடு கட்டாயம் என்பவையும் சேர்ந்தன.

ஆனால் ஆண்டு ஆய்வு மட்டும் அந்த ஆண்டு திரும்பவில்லை. ஆள் வேண்டும், பணம் வேண்டும் என்று இழுத்தது. அபராதத்தை உயர்த்த அரசுக்குச் செலவில்லை, ஆளை அனுப்பத்தான் செலவு. இந்தத் தயக்கத்தை எந்த நாட்டு அரசிடமும் காணலாம். 2015-இல்தான் படிப்படியான கால அட்டவணை சட்டமாயிற்று: 2017 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை, 2018 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை, 2019 முதல் ஆண்டுக்கு ஒருமுறை. சட்டத்தின் ஒரு வரியில் வெட்டியதைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை முதியவர்கள் கடந்துபோக வேண்டியிருந்தது. திரும்பி வந்து ஓராண்டு கழிந்த சிறிது காலத்திலேயே, 2020-இல் பெருந்தொற்று வந்து, நேரடி வருகைகள் பல மாதங்கள் காணொளி அழைப்புகளாகச் சுருங்கின. கைபேசிக் காமிராவில் வெந்நீரின் சூடு தெரியாது. படுக்கையறையின் மூத்திர வாடை வராது.

இடையில் 2017 அக்டோபர் காட்டுத்தீ சாண்டா ரோசாவில் இன்னொன்றைக் கற்பித்தது. அங்கே பெரிய இல்லங்களிலிருந்து முதியவர்களை இரவோடு இரவாக வெளியேற்ற வேண்டியிருந்தபோது, வண்டிச் சாவி எங்கே என்றே ஊழியருக்குத் தெரியவில்லை என்று மாநில அரசு தன் குற்றச்சாட்டில் சொன்னது. பெற்றோரைத் தேடி வந்த பிள்ளைகள்தான் பலரை வெளியே கொண்டுவந்தார்கள். அதன் விளைவாக வந்த சட்டத்தின்படி, எல்லா ஷிஃப்டிலும் ஊழியர் கைக்கெட்டும்படி சாவி இருக்க வேண்டும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை நடக்க வேண்டும். "வண்டிச் சாவி எங்கே?" என்று இரவுப் பணியாளரைக் கேட்டு, அவர் எழுந்துபோய் எடுத்துவரும் நேரத்தைக் கவனிப்பது எவ்வளவு எளிய ஆய்வு!

இல்லம் நடத்துபவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆறு பேரின் கட்டணத்தில் வாடகை, கூலி, காப்பீடு, உணவு எல்லாவற்றையும் சமாளிக்கும் ஒரு பெண்மணிக்கு, ஆய்வாளர் வரும் நாள் முழுக்கக் காகிதத்திலேயே கழிகிறது. அந்த நேரம் முதியவர்களுக்கான நேரம். பெரிய நிறுவனத்துக்குக் கோப்புகளைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு, இவருக்கு இல்லை. கோப்பு சுத்தமாக இருக்கும் இடத்தில் கவனிப்பும் சுத்தமாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நேரம் மிச்சப்படுத்த, சில முக்கியக் குறியீடுகளை மட்டும் பார்க்கும் சுருக்கப் பட்டியலைத் துறை பல ஆண்டுகள் பயன்படுத்தியது. பின்னர் விரிவான புதிய கருவிக்கு மாறியது. என் கணிப்பில் பட்டியலின் நீளத்தைவிட, ஆய்வாளர் முதியவரின் அருகில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்பது முக்கியம். நகம் வெட்டப்பட்டிருக்கிறதா, உதடு வறண்டிருக்கிறதா, பராமரிப்பாளர் அறைக்குள் வந்ததும் முதியவர் முகம் மலர்கிறதா, சுருங்குகிறதா என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் வந்தவரின் கண்ணில் படும். வராதவரின் கண்ணில் எதுவுமே படாது. ஆய்வின் குறைகளைக் காட்டி ஆய்வே வேண்டாம் என்பவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்.

பார்க்காமல் விடப்படும் இன்னொன்று பராமரிப்பாளரின் உறக்கம். தங்கி வேலை செய்பவர் இரவில் நான்குமுறை எழுந்து, காலை ஆறு மணிக்குச் சமையலறைக்கு வருகிறார். கூலி மட்டும் சில மணி நேரங்களுக்கே கணக்கிடப்படுகிறது. இத்தகைய இல்லங்கள் பலவற்றின் மேல் கலிஃபோர்னியாவின் தொழிலாளர் ஆணையர் கூலி வழக்குகள் எடுத்திருக்கிறார். அது வேறு துறை, வேறு கோப்பு. ஆனால் மாத்திரையைத் தவறாக எடுத்துக் கொடுக்கும் கை, தூங்காத அந்தக் கைதான். உரிமப் பிரிவின் ஆய்வாளர் பணியாளர் பட்டியலைப் புரட்டும்போது, யார் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியில் இருக்கிறார் என்பதையும் முதியவர்களின் பாதுகாப்பாகவே எண்ணிக் கேட்க வேண்டும்.

ஆய்வில் கண்ட குறைகளை இரண்டு தரமாக எழுதுகிறார்கள். முதியவருக்கு உடனடி ஆபத்து என்றால் 'ஏ', ஆபத்தாக மாறக்கூடியது என்றால் 'பி'. அறிக்கையில் குறையும், எந்த விதி மீறப்பட்டது என்பதும், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும் இருக்கும். துறையின் இணையதளத்தில் இல்லத்தின் பெயரைத் தேடி யாரும் அதைப் படிக்கலாம். கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோருக்கு வயதாகிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், மறதி நோய் வந்த அப்பாவைப் பகலெல்லாம் தனியே விட முடியாமல் இப்படியொரு வீட்டைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரவேற்பறையின் சோஃபாவையும் உரிமையாளரின் புன்னகையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசி மூன்றாண்டு அறிக்கைகளைப் படியுங்கள். ஒரே குறை இரண்டாம் ஆண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நடந்தது தவறு, திரும்ப நடந்தது பழக்கம். உங்கள் தந்தைக்குத் தரப்போகும் அறை எந்த வகையினருக்கு அனுமதி பெற்றது, அவர் நடக்க முடியாமல் போனால் எந்த அறைக்கு மாறுவார் என்று கேளுங்கள். இரவில் யார் இருக்கிறார், அவர் விழித்திருப்பாரா என்று கேளுங்கள். சேர்த்த பிறகு, ஞாயிறு மதியம் மட்டும் போகாமல், சொல்லாமல் ஒருநாள் இரவு உணவு நேரத்தில் போங்கள். ஆய்வு அறிக்கையைக் காட்டும்படி இல்லத்திலேயே நேரில் கேட்கலாம். கேட்பவருக்குக் காட்ட வேண்டியது அவர்களுடைய சட்டக் கடமை.